சிங்கப்பூர் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: சம்பளம் பேசுவதும் குழுவை நடத்துவதும்

"ஆஃபர் வந்திருக்கிறது, கூடக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களா?" என்று கேட்டிருந்த தம்பிக்குத்தான் முதல் பதில்.

கோபிக்க மாட்டார்கள். எச்ஆர் ஒரு தொகை சொல்வதும் நாம் ஒரு தொகை சொல்வதும் இங்கே சாதாரணமாக நடப்பதுதான். மரியாதையாக ஒரு தடவை கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெற்ற நிறுவனத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் எதைக் கேட்பது என்பதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். ஊரில் சிடிசி என்று வருடக் கணக்கில் பேசிப் பழகியதால் இங்கேயும் வருடத்துக்கு எவ்வளவு என்றே பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் பார்க்க வேண்டியது நிலையான மாதச் சம்பளம். அடிப்படைச் சம்பளமும், மாதாமாதம் மாறாமல் வரும் அலவன்ஸும் மட்டும்தான் அதில் சேரும். போனஸ், ஓவர்டைம், கமிஷன் எதுவும் சேராது. மனிதவள அமைச்சு வேலை செய்வதற்கான பாஸ் கொடுக்கும்போது பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

நிபுணர், நிர்வாகி வேலைகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு, அதாவது இபி பாஸுக்கு, 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நிதித் துறையில் 6,200 வெள்ளி. வயது கூடக் கூட இந்த வரம்பும் ஏறும். நாற்பதுகளின் நடுவில் இருப்பவருக்கு 10,700 வெள்ளி வரை போகிறது. இது பலருக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாதது என்னவென்றால், மனைவியையோ கணவரையோ பிள்ளைகளையோ டிபெண்டண்ட் பாஸில் அழைத்து வர நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருக்க வேண்டும். பெற்றோரை நீண்ட காலப் பாஸில் கொண்டுவர 12,000. 5,700 வெள்ளிக்குச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இங்கே இறங்கிய பிறகு, வீட்டுக்காரியை அழைத்து வர முடியாது என்று தெரிந்து தவித்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். 300 வெள்ளியில் குடும்பம் இரண்டு நாட்டில் கிடந்தது.

இதைக் கணக்குப் போட்டே பேசலாம். மாதம் 5,700, அதோடு 13ஆம் மாதச் சம்பளம் (வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதல்) என்று ஆஃபர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 74,100 வெள்ளி. அதே தொகையை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 6,175. வெளிநாட்டு ஊழியருக்கு முதலாளி மத்திய சேம நிதி (ஊரில் பிஎஃப் மாதிரி) கட்ட வேண்டியதில்லை, ஆகவே இப்படி மாற்றிக் கொடுப்பதால் அந்த வகையில் நிறுவனத்துக்குக் கூடுதல் செலவு கிடையாது. எச்ஆரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "மொத்தச் செலவை நான் கூட்டச் சொல்லவில்லை. குடும்பத்தை அழைத்து வர மாதச் சம்பளம் 6,000க்கு மேல் இருக்க வேண்டும். 13ஆம் மாதத்தை மாதச் சம்பளத்திலேயே சேர்த்துத் தர முடியுமா?" எச்ஆர் மேலே கொண்டுபோய்க் கேட்க இது மிகச் சுலபமான கோரிக்கை. வெறுமனே "இன்னும் கொஞ்சம் போட்டுக் கொடுங்க" என்றால் அவர் மேலே போய் என்ன சொல்வார்? 13ஆம் மாதச் சம்பளம் சட்டப்படி கட்டாயம் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

பேசப் போகும் முன் மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைவாய்ப்புத் தளத்தைத் திறந்து பாருங்கள். இபி பாஸுக்கு விண்ணப்பிக்கும் முன் பெரும்பாலான நிறுவனங்கள் அந்த வேலையைக் குறைந்தது 14 நாள் அங்கே விளம்பரம் செய்தாக வேண்டும். சம்பள வரம்பையும் போட்டாக வேண்டும். உங்கள் வேலைக்கு 5,500 முதல் 7,500 வரை என்று அவர்களே எழுதியிருக்கும்போது நீங்கள் 5,700க்குத் தலையாட்டத் தேவையில்லை. மனிதவள அமைச்சு தொழில்வாரியாகச் சம்பள அட்டவணையும் வெளியிடுகிறது. காசு கிடையாது, பதிவிறக்கிக்கொள்ளலாம். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டை இங்கே கேட்பார்கள், எனவே பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம் கையெழுத்துக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். இடமாற்றப் படி ஒன்று: விமான டிக்கெட், முதல் சில வாரம் தங்க இடம். வீட்டு வாடகைக்கு ஒரு வருட ஒப்பந்தம் என்றால் ஒரு மாத முன்பணம், இரண்டு வருடம் என்றால் இரண்டு மாதம் என்பது வழக்கம், முத்திரை வரியும் குடியிருப்பவர் தலையில்தான். முதல் சம்பளம் வரும் முன்பே பெரிய தொகை கையை விட்டுப் போகும். இன்னொன்று நோட்டீஸ் பீரியட். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அப்புறம், போனில் ஒத்துக்கொண்டது எதையும் அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். "காலையில் பேசியபடி, ஆறு மாதம் கழித்துச் சம்பளம் மறுபரிசீலனை செய்யப்படும் என்று புரிந்துகொள்கிறேன்" என்று இரண்டு வரி. சொன்ன மேனேஜர் நல்லவராகவே இருப்பார், ஆனால் அவர் வேலை மாறிப் போய்விட்டால் அந்த வாக்குறுதியும் அவரோடு போய்விடும்.

---

டீம் லீடாக வந்திருக்கும் தங்கச்சி கேட்டதற்கு வருகிறேன். "மீட்டிங்கில் யாரும் வாயைத் திறப்பதில்லை, பிறகு வேலை தள்ளிப் போகிறது" என்று எழுதியிருந்தீர்கள்.

எங்கள் குழுவில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சாங்கி பிசினஸ் பார்க்கில் அலுவலகம். புதிதாக லீடாக வந்த நம் ஊர்த் தம்பி, வெள்ளிக்கிழமை மாலைக்குள் ரிலீஸ் என்று திரையில் தேதியைக் காட்டிவிட்டு, "எல்லாருக்கும் ஓகேவா?" என்றார். சீனச் சகோதரி மடிக்கணினியைப் பார்த்தார். மலாய்க்காரப் பெரியவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிலிப்பினோ பையன் லேசாகச் சிரித்தான். தம்பி நன்றி சொல்லி முடித்துவிட்டார். பத்து நிமிடம் கழித்துக் கீழே காப்பிக்கடையில் தே-சி (பால் தேநீர்) வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது அந்தச் சகோதரி என்னிடம் சொன்னார்: சோதனைச் சூழல் வியாழன் மாலைதான் கிடைக்கும், வெள்ளிக்கிழமை நடக்கவே நடக்காது. ஏன் அங்கேயே சொல்லவில்லை என்றேன். "புது லீட், எல்லார் முன்னாலும் எப்படி?" என்றார்.

பலர் முன்னால் ஒருவரை மறுத்துப் பேசுவது அவரை அவமதிப்பது என்று நினைக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேதியை அறிவிக்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனியாக ஐந்து நிமிடம் பேசுங்கள். "ஓகேவா?" என்று கேட்காமல் "இந்தத் தேதி தவறினால் எதனால் தவறும்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு மரியாதையான பதில் கிடையாது. இரண்டாவதற்குப் பிரச்சினையைச் சொல்வதே மரியாதை. அந்தத் தம்பியும் அப்படித்தான் மாற்றிக்கொண்டார். அடுத்த ரிலீஸுக்கு அதே சகோதரிதான் முதலில் வந்து நிலைமையைச் சொன்னார்.

தமிழில் பேசுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். இரண்டு தமிழர் பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்கு மூன்றாவது ஆள் வந்தால் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுங்கள், லீடாக இருப்பவர் கட்டாயம் மாற வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கும் தினமும் நம் ஆட்களோடு மட்டும் போகாதீர்கள். வாரத்தில் சில நாளாவது குழுவோடு உணவங்காடி நிலையத்துக்கு, அதாவது பல சாப்பாட்டுக் கடைகள் ஒன்றாக இருக்கும் ஹாக்கர் சென்டருக்குப் போங்கள். ஹலால் பார்ப்பவர், மாட்டிறைச்சி தொடாதவர், சைவம் எல்லாரும் அங்கே ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். யார் எதில் சிக்கிக்கொண்டிருக்கிறார் என்பது முக்கால்வாசி அந்த மேசையில்தான் தெரியவரும்.

விடுமுறையிலும் ஒரு லீடின் குணம் தெரிந்துவிடும். சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள் மாலை குடும்பம் கூடிச் சாப்பிடும் நேரம், அன்றைக்கு ரிலீஸ் வைக்காதீர்கள். அந்த வாரம் அவசர அழைப்புக்கு என் பெயரைப் போடுங்கள் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். நோன்புப் பெருநாளுக்கும் அப்படியே. தீபாவளிக்கு இங்கே ஒரு நாள்தான் பொது விடுமுறை, பொங்கலுக்கு இல்லவே இல்லை; ஊருக்குப் போக நீங்கள் ஒரு வாரம் கேட்கும்போது யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஆள் எடுக்கும் பொறுப்பு கைக்கு வந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இபி விண்ணப்பங்களுக்கு 2023 செப்டம்பரிலிருந்து காம்பஸ் என்ற புள்ளி முறை இருக்கிறது, தேற 40 புள்ளி வேண்டும். அதில் ஓர் அளவுகோல், விண்ணப்பிப்பவரின் நாட்டைச் சேர்ந்தவர்கள் அந்த நிறுவனத்தின் நிபுணர், நிர்வாகிகளில் எத்தனை விழுக்காடு என்பது. 5 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் 20 புள்ளி, 25 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் பூஜ்யம். தெரிந்த பையன், ஒன்றுவிட்ட தம்பி என்று நம் ஆட்களாகவே நிரப்பினால், அடுத்து வரும் இந்தியருக்கும், பாஸ் புதுப்பிக்க வேண்டிய உங்களுக்கும் அதே எண்ணிக்கை குறுக்கே நிற்கும். அதைவிட முக்கியம், இந்த ஊர்க்காரர்களுக்கு நியாயமான வாய்ப்புக் கொடுப்பது நம் கடமை. நமக்கு இடம் கொடுத்த ஊர் இது. சொந்தக்காரர் விண்ணப்பித்தால் உறவைச் சொல்லிவிட்டு நேர்காணலிலிருந்து விலகிக்கொள்ளுங்கள்.

---

இந்தியக் குழுவோடு இரவு பத்து மணி வரை அழைப்பு இருக்கிறது என்று புலம்பியிருந்தவருக்கு: நமக்கும் ஊருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், அவர்களுடைய மாலை நமக்கு இரவு. காலையில் தாமதமாகத் தொடங்க முறைப்படி கேளுங்கள். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கோருவதற்கு 2024 டிசம்பர் 1 முதல் முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நடப்பில் இருக்கிறது. தகுதிகாண் காலம் முடித்த ஊழியர் எழுத்தில் கேட்டால் நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதனால் "எனக்குக் கஷ்டம்" என்பதோடு நிறுத்தாமல், எந்த நாள், எந்த நேரம், அந்த நேரத்தில் உங்கள் வேலையை யார் பார்ப்பார் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்.

வேலை மாறுகிறவர்களுக்கு: இபி பாஸ் முதலாளியோடு கட்டப்பட்டது. புது நிறுவனம் விண்ணப்பித்து, கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் கைக்கு வரும் வரை ராஜினாமா கொடுக்காதீர்கள். புது எச்ஆர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் "கடிதம் வந்த அன்றைக்கே கொடுக்கிறேன்" என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். நோட்டீஸ் மூன்று மாதம் என்று ஒப்பந்தம் போட்டிருந்தால் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள். அதனால்தான் முதலிலேயே ஒரு மாதமோ இரண்டு மாதமோ என்று பேசச் சொன்னேன்.

வெளிநாட்டு ஊழியர் வேலையை விடும்போது நிறுவனம் வரித் துறைக்குத் தெரிவித்து, கொடுக்க வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். வரித் துறையின் ஒப்புதல் வரும் வரை, அதிகபட்சம் நிறுவனத்தின் அறிவிப்புப் படிவம் வரித் துறைக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து 30 நாள். இங்கே மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிப்பதில்லை என்பதால் பாக்கி வரி மொத்தமாகக் கழிந்துபோகும். அந்த மாதம் வாடகைக்கும் ஊருக்கு அனுப்பவும் தனியாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். புது நிறுவனத்தில் சேரும் தேதியைப் பேசும்போது இதையும் சொல்லிப் பாருங்கள், சேரும்போது ஒரு தொகை முன்கூட்டித் தரும் நிறுவனங்களும் உண்டு. வரி போக மீதிச் சம்பளமும் வரவில்லை என்றால், வேலையை விட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் டிஏடிஎம் எனப்படும் முத்தரப்புச் சமரச அமைப்பில் புகார் பதிய வேண்டும். வேலையில் இருக்கும்போது பதிவதானால் ஆறு மாத அவகாசம் உண்டு.