உப்புவெளிக் கரையில் தூண்டில்: இரை மட்டும் காணாமல் போகிறது, நூலும் முறுக்கேறுகிறது – உதவி தேவை

புதுத்தூண்டில் (திருகோணமலை நகர்):

வணக்கம். கரையில் நின்று தூண்டில் போடப் பழகிக்கொண்டிருக்கிறேன். கைவசம் இருப்பது பத்தடித் தடி, நடுத்தர அளவு ரீல், 0.35 மில்லிமீற்றர் தங்கூசி நூல், 60 கிராம் ஈயம். தூண்டில் முள் கடைக்காரர் தெரிந்து கொடுத்தது. என் சுட்டுவிரல் நுனியளவு அகலம் இருக்கும். இரைக்குச் சந்தை இறால். வேலை முடிந்து பின்னேரத்தில் உப்புவெளிக்குப் போகிறேன், விடுமுறை நாளென்றால் டச்சுக் குடாப் பக்கம்.

வீசிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றால் தடியின் நுனி படபடவென்று ஆடுகிறது. சுண்டினால் கனமே இல்லை. சுற்றி எடுத்துப் பார்த்தால் இறாலின் சதை முழுவதும் போய், வாலோடு மட்டும் முள்ளில் தொங்குகிறது. சிலவேளை அதுவும் இல்லை.

இன்னொரு தொல்லை நூல். வீசும்போது, ரீலில் அது சுற்றியிருக்கும் ஸ்பூலிலிருந்து வளையம் வளையமாகக் கிளம்பி, தடியின் முதல் வளையத்திலேயே குருவிக்கூடாகச் சிக்கிவிடுகிறது. அவிழ்க்க முடியாமல் வெட்டி எடுக்கிறேன். நூலைத் தளர்த்திப் பிடித்தால் அது தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. ரீல் மலிவானது என்பதால்தானா? நல்லதாக ஒன்று வாங்கட்டுமா? என்னால் முடிந்தவரை தூரமாகத்தான் வீசுகிறேன். கரைவலைக்காரர்கள் காலடியில் கொண்டுவந்து கொட்டுகிற மீன் எனக்கு மட்டும் ஏன் எட்டவில்லை? தெரிந்தவர்கள் சொல்லித்தாருங்கள்.

கொட்டியாரக்கரை:

தம்பி, ரீலில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. காசைச் செலவழிக்க வேண்டாம். தளர்த்திய நூல் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது என்று எழுதினீர்களே, அந்த ஓர் அடையாளம் போதும். நூலுக்குள் முறுக்கு ஏறியிருக்கிறது. ஏறும் வழியை முதலில் அடைக்க வேண்டும், பிறகு ஏறியதை இறக்க வேண்டும்.

ஸ்பூலின் தலையில் ஒரு திருகு இருக்கும். டிராக் என்பது அதுதான். மீன் பலமாக இழுத்தால் நூல் அறாமல் வழுகிக் கொடுப்பது அதன் வேலை. அது தளர்ந்திருக்கும்போது ஈயம் பாசியிலோ கல்லிலோ மாட்டிவிட்டால், நீங்கள் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ஸ்பூல் ‘கிர்ர்’ என்று வழுகுமே தவிர நூல் உள்ளே வராது. ஆனால் நூலைச் சுற்றுகிற வளைகம்பி ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வகை ரீலில் கைப்பிடி ஒரு சுற்றுப் போனால் வளைகம்பி ஏறக்குறைய ஐந்து சுற்றுப் போகிறது. அந்த ஐந்தும் அப்படியே நூலில் முறுக்காக ஏறுகின்றன. கைப்பிடியைப் பத்துத் தடவை சுற்றினால் ஐம்பது முறுக்கு. ஒரே பின்னேரத்தில் நல்ல நூலும் கெட்டுவிடும்.

ஆகவே அந்த ஒலி கேட்டதும் கையை நிறுத்துங்கள். தடியை மெல்ல உயர்த்தி இழுங்கள். தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள். வீசும் நேரத்தில் டிராக்கை நன்றாக இறுக்கி, ஈயம் விழுந்த பிறகு தளர்த்துங்கள். எவ்வளவு தளர்த்துவது என்றால், நூல் தாங்கும் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும் முன்பே ஸ்பூல் வழுகத் தொடங்க வேண்டும்.

அடுத்தது காற்று. இப்போது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலம். உப்புவெளிக் கரை கிழக்கே பார்த்தது. பின்னேரக் காற்று உங்கள் முதுகில் அடிக்கிறது. வீச அது உதவும் என்பது உண்மைதான். ஆனால் ஈயம் தண்ணீரில் விழுந்த பிறகும் காற்று நூலை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தத் தளர்ந்த நூலை அப்படியே சுற்றி எடுத்தால், ஸ்பூலில் தளர்வாகப் படிந்த வளையங்கள் அடுத்த வீச்சில் கூட்டமாகக் கிளம்பும். உங்கள் சிக்கு பிறப்பது அங்கேதான். ஈயம் விழப்போகும் கணத்தில் சுட்டுவிரலால் ஸ்பூலின் விளிம்பைத் தொட்டு நூலை நிறுத்துங்கள். வீசுவதற்காகத் திறந்த வளைகம்பியைக் கைப்பிடியைச் சுற்றி மூடாதீர்கள், மற்றக் கையால் மூடுங்கள். பிறகு ரீலுக்கு மேலே நூலை இரண்டு விரலால் பிடித்து ஓர் இழுப்பு இழுத்து, விறைப்பாகிவிட்டதா என்று பார்த்த பிறகே சுற்ற வேண்டும். இது கைக்குப் பழகிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

ஏறிய முறுக்கை இறக்கும் வழி: ஈயம், முள், சுழலி (நூலோடு சுழலும் இணைப்பு) எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, வெறும் நூலை ஆளில்லாத மணலில் நடந்து நடந்து விரித்துவிடுங்கள். முனை கட்டில்லாமல் கிடக்க வேண்டும். பிறகு ஈரத்துணிக்குள் நூலைப் பிடித்தபடி மெதுவாகச் சுற்றி எடுங்கள். வள்ளத்தில் போகிற நண்பர் இருந்தால், வெறும் நூலைப் பின்னால் விட்டு இழுத்துவரச் சொல்வது இன்னும் நல்லது. திரும்பச் சுற்றும்போது ஸ்பூலின் விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் குறைவாக நிரப்புங்கள். விளிம்பு வரை நிறைத்தால் நூல் தானாகவே வழிந்து விழும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னேர உப்புவெளியில் குளிப்பவர்களும் நடப்பவர்களும் நிறைய. 60 கிராம் ஈயத்தைப் பலமாக வீசும்போது 0.35 நூல் அறுந்தால் அந்த ஈயம் யார் தலையிலும் விழலாம். முன்பக்கத்தில் தடியைப்போல் இரண்டு மடங்கு நீளத்துக்கு 0.50 நூல் கட்டிக்கொள்ளுங்கள். வீசும் முன் இடம், வலம், பின்பக்கம் மூன்றையும் பார்த்துவிட்டு வீசுங்கள்.

கிண்ணியாக் கழிமுகம்:

நூலைப் பற்றி அண்ணன் விரிவாகச் சொல்லிவிட்டார். நான் இரையைப் பற்றி எழுதுகிறேன்.

நுனி படபடவென்று ஆடி, சுண்டினால் கனம் இல்லை என்றால் கீழே இருப்பது சிறுவாய் மீன். கீளி, காரல், கிழக்கன் இவைதான். உங்கள் முள் அவற்றின் வாய்க்குள் நுழையாது. சுற்றி நின்று சதையைக் கொத்தித் தின்றுவிட்டுப் போகின்றன. 6 அல்லது 8ஆம் இலக்க முள் வாங்குங்கள். 1/0, 2/0 என்று கோடு போட்டு எழுதியவை பெரியவை. கோடு இல்லாத இலக்கம் ஏற ஏற முள் சிறுக்கும். இது பலரைக் குழப்புகிறது, கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

இறாலை முழுதாகக் கோக்க வேண்டாம். ஓட்டை உரித்து, சிறு நகத்தளவு துண்டாக்கி, முள்ளின் கூர் நுனி மட்டும் வெளியே தெரியும்படி ஏற்றுங்கள். சதை குழைந்த பழைய இறால் முதல் அலையிலேயே கழன்றுவிடும். கீளி தொல்லை கொடுக்கும் நாளில் கணவாயை மெல்லிய கீற்றாக வெட்டிப் போடுங்கள். அதைப் பிடுங்கி எடுப்பது அவற்றுக்குக் கடினம். இன்னும் நல்ல இரை வேண்டுமென்றால் காலையில் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போங்கள். கயிற்றில் ஒரு கை கொடுத்தால் ஒரு பிடி சூடை மீன் சும்மாவே கொடுப்பார்கள். அப்போதுதான் கடலிலிருந்து வந்த சூடைக்கு நிகரான இரை நம் கரையில் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் வலை கடலில் கிடக்கும்போது அதன் இரண்டு கயிறுகளுக்கும் இடையில் தூண்டில் வீசக்கூடாது. அது அவர்களுடைய பிழைப்பு.

தூரம் பற்றிய உங்கள் கேள்விக்கு நீங்களே விடை எழுதியிருக்கிறீர்கள். மீன் கரைக்கு அருகில்தான் நிற்கிறது. கரையில் கொஞ்சம் உயரமான இடத்தில் நின்று கடலைப் பாருங்கள். அலை வெள்ளையாக மடிகிற இடம் மணல் மேடு. அந்த மேட்டுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் கறுத்து, அலை மடியாமல் நெளிந்து வரும் கீற்று ஒன்று தெரியும். அது பள்ளம். அலை கிளறிவிடும் புழுவும் குஞ்சு நண்டும் அதில்தான் சேர்கின்றன. கிழக்கன் அங்கேதான் மேய்கிறது. உங்கள் ஈயம் அதைத் தாண்டிப் போய் விழுகிறது. இருபது, முப்பது மீற்றரில் போட்டுப் பாருங்கள்.

நிலாவெளி விடியல்:

தூரம் தேவையில்லை என்பதை நான் முழுதாக ஏற்கமாட்டேன். வெளிமேட்டுக்கு அப்பால் சூடைக்கூட்டம் கொதித்து எழும்பும்போது அதன் அடியில் பாரை, சீலா போன்ற பெரிய மீன் இருக்கும். அவற்றுக்குத் தூரம் வேண்டும்தான். பழகுபவருக்குக் கிண்ணியாக் காக்கா சொன்ன பள்ளமே சரி.

நேரத்தை மாற்றுங்கள் என்பது என் ஆலோசனை. நம் கரையில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் அரை மீற்றர் அளவுதான். அதனால் வெளிக்கடற்கரையில் நான் அதைவிட வெளிச்சத்தையும் காற்றையும் அதிகம் கவனிக்கிறேன். கச்சான் காலத்தில் விடியற்காலையில் கடல் குளம்போல் கிடக்கும், காற்று எழும்பியிருக்காது. கிழக்கு வெளுக்கும்போது முள் தண்ணீரில் இருக்க வேண்டும். வெயில் ஏறித் தண்ணீர் தெளிந்து அடிமணல் தெரியத் தொடங்கினால் மீன் விலகிவிடும். கார்த்திகைக்குப் பிறகு வாடை எழும்பினால் கதை வேறு. அந்தக் கடலில் பழகுபவர் இறங்க வேண்டாம்.

இன்னொன்று: புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே மீன்பிடிக்கக்கூடாது. நிலாவெளியிலிருந்து படகில் போகிறவர்கள் தடியைக் கொண்டுபோக நினைக்க வேண்டாம்.

தாதி அக்கா:

மீன் கிடைக்கத் தொடங்கும் முன்பே இதைப் படித்துக்கொள்ளுங்கள். கெளுத்தியின் முதுகிலும் இரண்டு பக்கச் செட்டைகளிலும் முள் உண்டு. ஓரா மீனுக்கு முதுகுச் செட்டையிலும் வயிற்றுப் பக்கச் செட்டைகளிலும் முள். இரண்டும் விஷ முட்கள். கையால் நேரே பிடிக்காமல் இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள், முடியாவிட்டால் நூலை வெட்டிவிடுங்கள். குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். சூடு வலியைத் தணிக்கும். மரத்துப்போன கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, ஆகவே மற்றக் கையால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே முள் முறிந்திருந்தால், வீக்கம் ஏறினால், மூச்சு முட்டினால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு வரவேண்டும்.

பிடித்ததும் பலூன்போல் உப்புகிற பேத்தை வந்தால் கடலில் விடுங்கள். அதன் விஷம் எவ்வளவு சமைத்தாலும் போகாது. யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். பூனைக்கும் வேண்டாம்.

புதுத்தூண்டில்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நூலை மணலில் விரித்து முறுக்கை எடுத்தேன்; விரித்துக்கொண்டு போகும்போதே நூலின் முனை மணலில் புரண்டு புரண்டு அவிழ்ந்ததைக் கண்ணால் கண்டேன். வளைகம்பியைக் கையால் மூடத் தொடங்கிய பிறகு சிக்கே இல்லை. 8ஆம் இலக்க முள்ளில் கணவாய்க் கீற்றுப் போட்டு, விடியற்காலையில் பள்ளத்துக்குள் விட்டதில் கிழக்கன் கிடைத்தது. ஒரு சாண் நீளம், முதுகில் மணல் நிறம், வயிறு வெள்ளிபோல் பளபளப்பு. அம்மா அதைச் சொதி வைத்தார். காக்கா, நீங்கள் சொன்ன அந்தக் கறுத்த கீற்று இப்போது எனக்கும் தெரிகிறது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். டச்சுக் குடாவில் மணல் முடிந்து கல் தொடங்கும் இடத்தில் ஈயம் மாட்டிக்கொள்கிறது. இழுத்தால் முள், சுழலி, ஈயம் எல்லாம் சேர்ந்து போகின்றன. அங்கே எப்படிப் போடுவது?

கொட்டியாரக்கரை:

கிழக்கன் சொதி என்று படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது தம்பி.

கல்லில் மாட்டுவது பெரும்பாலும் ஈயம்தான். ஈயத்தை அடிமுனையில் கட்டுங்கள், முள்ளை அதற்கு ஒரு முழம் மேலே கிளைநூலில் கட்டுங்கள். ஈயத்தைக் கட்டும் அந்தக் கடைசிச் சாண் நூல் மட்டும் மற்றதைவிட மெல்லியதாக, 0.25 அளவில் இருக்கட்டும். மாட்டினால் அது மட்டும் அறும். முள்ளும் சில வேளை மீனும் கைக்கு வரும். மெல்லிய நூல் பலமான வீச்சைத் தாங்காது என்பதால் அங்கே 30 கிராம் ஈயத்தைக் கீழ்க்கையால் மெல்ல விடுங்கள், பத்துப் பதினைந்து மீற்றர் போதும். சுற்றி எடுக்கும்போது இடையில் நிறுத்தாமல், தடியை உயர்த்தி வேகமாக எடுத்தால் ஈயம் கல்லுக்கு மேலாக வந்துவிடும். அறுத்தே ஆகவேண்டும் என்றால் தடியை வளைத்து இழுக்காதீர்கள், முறிந்துவிடும். கையில் துணியைச் சுற்றி, நூலைப் பிடித்து, தடியை நூலுக்கு நேராக வைத்துப் பின்னோக்கி நடங்கள். அறுந்த துண்டைக் கரையில் விடாமல் கொண்டுவந்துவிடுங்கள். ஆமையும் பறவையும் அதில் சிக்கிச் சாகின்றன.

அங்கிருந்து கோட்டைப் பக்கமாகக் கல்லில் ஏறிப் போக வேண்டாம். கோணேசர் மலைக்குக் கீழே பாறை செங்குத்து, அலை அடித்தால் பிடித்துக்கொள்ள இடமில்லை. கோட்டைக்குள் இராணுவ முகாமும் இருக்கிறது. ஈரப்பாசி படிந்த கல்லில் ரப்பர் செருப்போடு நிற்காதீர்கள். தனியாகப் போவதாக இருந்தால் மணலிலேயே நில்லுங்கள்.