அலுவலகக் கட்டடத்துக்கு பேட்டரி போட்டால் டிமாண்ட் சார்ஜ் (மாதத்தின் உச்ச லோடுக்கான கட்டணம்) குறையுமா?

ஓஎம்ஆர்_பராமரிப்பு:
எங்கள் கட்டடம் உயரழுத்த இணைப்பு, ஒப்பந்த டிமாண்ட், அதாவது அனுமதி வாங்கிய உச்ச லோடு, 500 கேவிஏ (லோடை அளக்கும் அலகு). மே மாதத்தில் மீட்டர் முழு 500-ஐத் தொட்டுவிடுகிறது. பேட்டரியும், மறுநாள் லோடைக் கணிக்கும் மென்பொருளும் போட்டால் 400-க்குள் அடக்கலாம் என்கிறார் ஒரு விற்பனையாளர். நம்பலாமா?

மின்கணக்கர்:
முதலில் கட்டண விதியைப் படியுங்கள் சார். 400-க்கு இறக்கினாலும் ஒப்பந்தத்தில் 90 சதவீதம், அதாவது 450-க்குக் கட்டியே ஆக வேண்டும். முழுப் பலன் வேண்டுமென்றால் ஒப்பந்தத்தையே 400 ஆக்க வேண்டும். 2022-ல் கேவிஏவுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ஆக்கினார்களே, அதை வைத்தே பார்த்தால் (இப்போது இன்னும் கூடுதல்) மாதம் 55,000 மிச்சம். சரி. ஒரு நாள் கணிப்பு சறுக்கி, ஒரே ஒரு கால் மணி நேரச் சராசரி 500-க்குப் போனால்? மிஞ்சிய 100-க்கு இரட்டைக் கட்டணம். மிச்சமும் போய், பழைய பில்லைவிட 55,000 அதிகம் கட்டுவீர்கள்.

பேட்டரி_பிரியன்:
அண்ணே, கணிப்பு ஜோசியம் இல்லை. வெயில், ஈரப்பதம், வருகிற ஆட்கள், விடுமுறை எல்லாம் பார்த்து, இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்றுதான் சொல்லும். மேல் வரம்புக்குத் தேவையான சார்ஜை ஒதுக்கி வைக்கலாம். அப்புறம், காலையும் மாலையும் 6 முதல் 10 வரை யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல், இரவில் 5 சதவீதம் தள்ளுபடி. இரவில் ஏற்றி மாலையில் இறக்கினால் அதுவும் லாபம்தானே?

மின்கணக்கர்:
கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா தம்பி? யூனிட் 8 ரூபாய் என்றால் இரவில் 7.60. ஏற்றி இறக்குவதில் 13 சதவீதம் வீணாகும் என்று வைத்தால், வெளியே வரும் யூனிட் 8.74-க்கு விழும். மாலை விலை 10. கையில் நிற்பது 1.26. பேட்டரித் தேய்மானத்தை யார் கட்டுவது? இறக்கி முடித்த நேரம் பார்த்து கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டரைத்தான் ஓட்ட வேண்டும்.

சில்லர்_ஆபரேட்டர்:
இரண்டு பேரும் பேட்டரியையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அந்த 500 எந்த நேரத்தில் வந்தது என்று யாராவது கேட்டீர்களா? சனி, ஞாயிறு மூடிக் கிடந்த கட்டடத்தில் கான்கிரீட்டே சூடேறி இருக்கும். திங்கள் காலை ஆள் வரத் தொடங்கியதும் இரண்டு சில்லரும் (ஏசிக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) ஒன்றாக முழு லோடுக்கு ஏறும். கூடவே ஏஎச்யூ (குளிர்காற்றை அறைகளுக்குத் தள்ளும் இயந்திரம்), லிஃப்ட். அதிகாலை 4 மணிக்கே ஒரு சில்லரை ஓட்டிப் பாருங்கள். 5 வரை தள்ளுபடி நேரமும்கூட.

பேட்டரி_பிரியன்:
எந்தத் திங்கள் 4 மணிக்கு, எந்தத் திங்கள் ஓட்டவே வேண்டாம் என்று யார் சொல்வது? முந்தின இரவு நல்ல மழை என்றால் அந்த ஓட்டம் தண்டம். அதற்கும் கணிப்பு வேண்டும்.

சில்லர்_ஆபரேட்டர்:
வேண்டாம் என்று சொல்லவில்லையே. ஆனால் மேலிடத்திலிருந்து "ஏசி பத்தலை" என்று போன் வந்தால் 22 டிகிரிக்குத் தட்டிவிடுவோம். அதை எந்த மென்பொருள் கணிக்கும்?

ஓஎம்ஆர்_பராமரிப்பு:
மீட்டர் பதிவை எடுத்துப் பார்த்துவிட்டேன். 500 வந்தது திங்கள் காலை 9:15-க்கு. அதற்கு அடுத்த உச்சம் மதியம் 3 மணிக்கு, 470.

மின்கணக்கர்:
அப்படியானால் காலையைச் சரிசெய்தாலே உச்சம் 470-க்கு இறங்கி அந்த மாதம் 16,500 குறையும், பேட்டரி இல்லாமல். மே முடியும் வரை ஒப்பந்தத்தில் கை வைக்காதீர்கள். குறைத்துவிட்டு மறுபடி ஏற்றப் போனால் புது விண்ணப்பம், புதுக் கட்டணம்.

பேட்டரி_பிரியன்:
அந்த 470-ஐ என்ன செய்வதாக உத்தேசம்?