அவசரம்: ஸ்பீடிங் லெட்டர் வந்திருக்கு, விசாவுக்கு ஏதும் ஆகுமா?

கோத்தகிரிப் பொண்ணு: வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சுங்க. கார் வேகமாப் போச்சுன்னு போலீஸ் லெட்டர். எவ்வளவு கட்டணும்னு எங்கயும் போடலை. விசா போயிடுமோன்னு ராத்திரி தூக்கமே இல்லை. கல்லட்டி மலைப்பாதை 36 கொண்டை ஊசி வளைவையும் செகண்ட் கியர்லயே இறக்கின ஆளுங்க நாங்க, எங்க மேலயா ஸ்பீடு கேஸ்?

குன்னூர் டு துபாய்: கவலைய விடும்மா. இங்க துபாய்ல லிமிட்டுக்கு மேல 20 கிலோமீட்டர் வரைக்கும் கேமரா கண்டுக்காது. தாண்டினா 3000 திர்ஹாம் வரைக்கும் தீட்டிருவான். நான் வந்த புதுசுல லைசென்ஸ் எடுக்கறதே பெரும்பாடு. ரவுண்டானாவுல கொஞ்சம் தயங்கினேன், அதுக்கே ஃபெயில். சம்பளத்துல பாதி டிரைவிங் கிளாஸுக்கே போச்சு.

மஞ்சூர்: அபுதாபியில அந்த 20ம் 2018லயே போச்சு அண்ணா. தப்பாச் சொல்லி மாட்டிவிடாதீங்க.

கட்டபெட்டு: ஒரு லெட்டருக்கெல்லாம் பதறாதீங்க. ரெண்டாவது வந்தாப் பாத்துக்கலாம்.

மஞ்சூர்: ஐயோ, அப்படி விடவே கூடாது! இன்னைக்கே கட்டிருங்க.

கட்டபெட்டு: ஊர்ல சீசனுக்குக் கீழ இருந்து வர்றவங்க நியூட்ரல்ல இறக்கி, பிரேக் தீஞ்சு குன்னூர் மலைப்பாதைல பர்லியாறுல புகையோட நிக்கறாங்க. அவங்களுக்கு இ-பாஸ் மட்டும் போதும். இங்க நமக்கு மட்டும் மூலைக்கு மூலை கேமரா.

குன்னூர் டு துபாய்: அதச் சொல்லுங்க! அந்த 14 வளைவுல ஏறி வர்ற வண்டிக்கு வழி விடறவன் எத்தனை பேரு?

கொடைக்கானல் அக்கா: எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கப்பா. எந்த நாடும்மா? ஓட்டினது யாரு? எவ்வளவு வேகம்?

கோத்தகிரிப் பொண்ணு: சாரிக்கா, இங்கிலாந்து, லீட்ஸ். 30 மைல் ரோட்டுல 37. கார் என் பேர்ல, ஓட்டினது அவர். அவர் இந்த ஊர் லைசென்ஸ் இப்பதான் எடுத்தாரு. அதனால நான் ஓட்டினதா எழுதச் சொல்லி ஒரு ஃப்ரெண்ட் சொல்றாங்க.

கொடைக்கானல் அக்கா: அதை மட்டும் செஞ்சிராத. கிறிஸ் ஹியூன்னு இந்த நாட்டுல மந்திரியா இருந்தவர், 2003ல விழுந்த ஸ்பீடிங் பாயின்ட்டை (தப்புக்கு லைசென்ஸ்ல ஏத்தற புள்ளி) மனைவி தலையில ஏத்தினாரு. 2013ல ரெண்டு பேருக்கும் எட்டெட்டு மாசம் ஜெயில்.

வந்திருக்கறது இன்னும் ஃபைன் இல்லை, ஓட்டினது யாருன்னு கேக்கற நோட்டீஸ். அதான் தொகை இல்லை. 28 நாளைக்குள்ள அவர் பேரை எழுதி அனுப்பு. விட்டா உனக்கே ஆறு பாயின்ட், 1000 பவுண்ட் வரைக்கும் ஃபைன். அப்புறம் அவர் பேருக்குத் தனியா லெட்டர் வரும். 37க்குப் பெரும்பாலும் ஃபைனுக்குப் பதிலா வேகத்தைப் பத்தின வகுப்புதான் தருவாங்க, மூணு வருசத்துக்குள்ள ஏற்கெனவே போயிருக்கக் கூடாது. வகுப்புக்குக் காசு நம்மதுதான், ஆனா பாயின்ட் விழாது. அது கிடைக்கலைன்னா 100 பவுண்ட், மூணு பாயின்ட். புது லைசென்ஸ்காரர் ரெண்டு வருசத்துல ஆறு பாயின்ட் வாங்கினா லைசென்ஸே ரத்து, மறுபடி டெஸ்ட். இன்சூரன்ஸ்காரனும் பிரீமியத்தை ஏத்துவான், அதையும் கணக்குல வச்சுக்க.

விசாவுக்கு, கோர்ட்டுக்குப் போகாம கட்டி முடிக்கற ஃபைன் குற்றத் தண்டனையில சேராது. படிவத்துல கேட்டா மறைக்காத, அவ்வளவுதான்.

கட்டபெட்டு: தப்பு நடந்து 14 நாள் தாண்டி நோட்டீஸ் வந்தா செல்லாதுன்னு சொல்றாங்களே?

கொடைக்கானல் அக்கா: கார் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு வர்ற முதல் நோட்டீஸுக்குத்தான் அது. கார் பேப்பர்ல பழைய அட்ரஸ் இருந்து லேட்டானா அந்தச் சாக்கு எடுபடாது.

கோத்தகிரிப் பொண்ணு: நாளைக்கே அனுப்பறேன்க்கா.

கொடைக்கானல் அக்கா: கையெழுத்தை மறந்துராத, இல்லாட்டி பதில் வரலைன்னு எடுத்துக்குவாங்க. போட்டோ எடுத்து வச்சுக்க. போஸ்ட் ஆபீஸ்ல அனுப்பினதுக்கு ரசீது கேளு, அதுக்குக் காசு கிடையாது.