நஞ்சுமுறிப்பு: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்பின் நண்பர்களுக்கு,

மண்ணில் தேங்கிய பீடைநாசினியைப் பற்றீரியாவும் நானோ இரும்பும் (மிக நுண்ணிய இரும்புத் துகள்) கொண்டு அகற்றும் முறைக்கு, நம் கலைச்சொல் பட்டியலுக்காக 'மண் மீட்பு', 'மண் மருத்துவம்' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் திருகோணமலையில் இருக்கும் எனக்கு இரண்டிலும் சிக்கல் தெரிகிறது.

மண் மீட்பு என்றால் இங்கே சனம் முதலில் காணிப் பிரச்சினையைத்தான் நினைக்கும். அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடுவோம். மருத்துவம் இன்னும் பொருந்தாது. நிலாவெளி வெங்காயத் தோட்டத்திலும் தம்பலகாமத்து வயலிலும் அந்த நஞ்சுக்கே 'மருந்து' என்றுதான் பெயர். "மருந்தடிக்கப் போறன்" என்று அப்பா தாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு புறப்படுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மண்ணுக்கு மருத்துவம் என்று சொன்னால் அவருக்கு இன்னொரு போத்தல்தான் ஞாபகம் வரும்.

என் முன்மொழிவு: நஞ்சுமுறிப்பு. பாம்புக்கடிக்கு விஷமுறிவு என்று ஏற்கெனவே நம் வாயில் இருக்கும் சொல்தான். அதைவிட முக்கியம், இங்கே உண்மையிலேயே ஒன்று முறிகிறது. லின்டேன் என்ற பீடைநாசினியின் மூலக்கூறில் ஆறு குளோரீன் அணுக்கள் உண்டு. இரும்புத் துகள் இலத்திரனைக் கொடுக்கும்போது காபன்-குளோரீன் பிணைப்பு முறிந்து, குளோரீன் குளோரைட்டாகக் கழன்றுவிடும். குளோரீன் குறைந்த மிச்சத்தைச் சிதைப்பது பற்றீரியாவுக்குச் சுலபம். சுபிங்கோபியம் போன்ற பற்றீரியாக்கள் இரும்பின் துணை இல்லாமலே லின்டேனைச் சிதைக்கக்கூடியவை. ஆக, இரும்பும் முறிக்கிறது, உயிரும் முறிக்கிறது. முழுப்பெயர் வேண்டுமென்றால் 'நுண்ணுயிர்-இரும்பு நஞ்சுமுறிப்பு' எனலாம்.

இந்த நானோ இரும்புக்குத் 'துருவா இரும்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த இரும்பு தான் துருப்பிடித்துத்தான் நஞ்சை முறிக்கிறது. துருவாவிட்டால் வேலையே நடக்காது. புல்மோட்டைக் கருமணலில் இரும்பு இருக்கிறதே, அது உதவாதா என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அந்த மணலில் உள்ள இல்மனைற்று என்ற கனியத்தின் இரும்பு ஏற்கெனவே இலத்திரனை இழந்து ஒட்சைட்டாக இருப்பது. நமக்கு வேண்டியது உலோக இரும்பு, அதுவும் 100 நானோமீற்றருக்கு உட்பட்ட துகளாக. 'நானோ உலோக இரும்பு' என்றே எழுதுவோம். பாடநூல் நடையில், இலத்திரனை இழக்காத இரும்பு என்ற பொருளில், 'பூச்சிய வலுவளவு இரும்பு' என்பதும் சரி.

நஞ்சுமுறிப்பு என்ற சொல்லில் ஒரு குறை உண்டு. ஆர்சனிக்கு, கட்மியம் எல்லாம் மூலகங்கள். அவற்றை முறிக்க முடியாது, எதிலாவது பிணைத்து நகராமல் வைக்கலாம், அவ்வளவுதான். அதற்கு 'நஞ்சுக்கட்டு' என்று தனிச்சொல் வைக்கலாமா?

அப்புறம், முறிப்பா முறிவா என்பது. நாம் செய்வது முறிப்பு, மண்ணில் தானாக நடப்பது முறிவு. இந்த வேறுபாட்டைக் கலைத்துவிடாமல் இரண்டையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.