ஸ்பில்லோவர்: "தாவல்" வேண்டாம், "மறுகால்" பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மஞ்சள் காய்ச்சல் (கொசு பரப்பும் வைரஸ் நோய்) பற்றிய கட்டுரைக்காக இந்தக் குழுவில் நான் கேட்ட தமிழ்ச் சொற்களில் இரண்டு முடிந்த மாதிரிதான். மர உச்சிகளில் கிளையும் இலையும் கூரைபோல் கவிந்திருக்கும் அடுக்குக்கு "மரக்கவிகை". குரங்குக்கும் காட்டுக் கொசுவுக்கும் இடையே வைரஸ் மாறி மாறிச் சுற்றிவருவதற்குக் "கானகச் சுழற்சி". நோய்க்கே "காட்டு மஞ்சள் காய்ச்சல்" என்று பெயர் வைக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுவோம். காட்டு மஞ்சள் என்று ஒரு செடி இருக்கிறது. அந்த மஞ்சளால் வரும் காய்ச்சல் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். "கானக மஞ்சள் காய்ச்சல்" போதும்.

மூன்றாவது சொல்தான் பாடாய்ப் படுத்துகிறது. ஸ்பில்லோவர், அதாவது விலங்குகளுக்குள் சுற்றும் கிருமி அங்கிருந்து மனிதருக்கு வந்துவிடுவது. நீங்கள் எழுதியவற்றை மேற்கோளாகப் போட்டுப் பதில் சொல்கிறேன்.

> "தாவல்" சின்னச் சொல், எல்லோருக்கும் புரியும். குரங்கிலிருந்து மனிதனுக்குத் தாவுகிறது, அவ்வளவுதானே?

ஐயா, எனக்கு மறுப்பு இருப்பதே அந்த "அவ்வளவுதானே" என்ற இடத்தில்தான். கணினியில் டேப் என்பதற்குத் தாவல் ஏற்கெனவே புழங்குகிறது. அது பெரிய தடையில்லை. ஆனால் குரங்கும் தாவலும் ஒரே வாக்கியத்தில் வந்தால் தமிழ் வாசகர் மனதில் தாவுவது குரங்குதான். குரங்கு வந்து நோயைக் கொடுத்துவிட்டுப் போகிறது என்று ஆகிவிடும். நடப்பது அதுவல்ல.

பிரேசிலில் 2016 கடைசியிலிருந்து 2018 வரை மினாஸ் ஜெராய்ஸ், எஸ்பிரிட்டோ சாண்டோ, ரியோ டி ஜெனிரோ, சாவோ பாலோ மாநிலங்களில் கானக மஞ்சள் காய்ச்சல் பெரிய அளவில் வந்தது. 2,000 பேருக்கு மேல் நோய் கண்டது, 700 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பயத்தில் மக்கள் குரங்குகளை அடித்தும் விஷம் வைத்தும் கொன்றார்கள். ஏற்கெனவே நோயால் செத்துக்கொண்டிருந்த உயிர்கள் அவை. அமெரிக்கக் கண்டத்து ஊளைக் குரங்குகளுக்கு இந்த வைரஸைத் தாங்கும் சக்தி கிடையாது. கூட்டம் கூட்டமாகச் சாகும். காலையில் மைல் கணக்கில் கேட்கும் அவற்றின் ஊளை நின்றுபோனால், காய்ச்சல் வந்துவிட்டது என்று காட்டோரத்து மக்கள் தெரிந்துகொள்வார்கள். சுகாதாரத் துறைக்கும் செத்த குரங்குதான் முதல் தகவல். அதைப் பார்த்துத்தான் எந்த ஊரில் முதலில் தடுப்பூசி போடுவது என்று முடிவாகும். பொன்னிறச் சிங்கக் குரங்கு என்ற அரிய இனம் சுமார் 3,700 இருந்தது, அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு 2,500 ஆகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் குரங்கின்மேல் பழிபோடும் ஒரு சொல்லை நாமே புதிதாகச் செய்து கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கியாசனூர்க் காட்டில் 1957-இல் குரங்குகள் சாகத் தொடங்கின, மனிதருக்கும் காய்ச்சல் வந்தது. மஞ்சள் காய்ச்சல்தான் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்று முதலில் பதறினார்கள். பார்த்தால் அது வேறு வைரஸ், பரப்புவது உண்ணி. ஆனாலும் அதற்கு "குரங்குக் காய்ச்சல்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரில் உண்ணி இல்லாததால், உண்ணியைப் பார்த்து எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

சரி, கானக மஞ்சள் காய்ச்சலில் உண்மையில் நகர்வது யார்? 1932-இல் எஸ்பிரிட்டோ சாண்டோவின் கானான் பள்ளத்தாக்கில் அமெரிக்க மருத்துவர் ஃப்ரெட் சோப்பர் குழுவினர் மஞ்சள் காய்ச்சலைக் கண்டார்கள். ஆனால் அங்கே ஏடிஸ் எஜிப்டி கொசு இல்லை. வீட்டுத் தொட்டியிலும் குடத்திலும் வளரும் அந்தக் கொசுவை ஒழித்தால் நோயும் ஒழியும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. காட்டில் பரப்புவது எது என்பதற்கு விடை தரையில் கிடைக்கவில்லை. கிழக்குக் கொலம்பியாவில் ஹோர்ஹே போஷெல் என்ற ஆய்வாளர் மரம் வெட்டுபவர்களோடு நின்று பார்த்தபோது தெரிந்தது: பெரிய மரம் ஒன்று சாய்ந்ததும் அதன் உச்சியில் இருந்த நீலநிறக் கொசுக்கள் மரத்தோடு கீழே வந்து வெட்டியவர்களை மொய்த்தன. ஹீமகோகஸ் என்ற இனம் அது. உலோகம்போல் மினுங்கும், பகலில் கடிக்கும், மரப்பொந்தில் தேங்கும் தண்ணீரில் முட்டையிடும். (இதே போஷெல் பிற்பாடு இந்தியா வந்து கியாசனூர்க் காட்டிலும் வேலை செய்தார். இரண்டு காடுகளையும் ஒரே மனிதர் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.)

குரங்கு எங்கும் வரவில்லை, பாருங்கள். மனிதன் கோடரியோடு போனான், மரக்கவிகை தரைக்கு இறங்கியது. குரங்கின் ரத்தத்தில் வைரஸ் இருப்பதும் சில நாட்கள்தான். அதற்குள் குரங்கு செத்துவிடும், அல்லது பிழைத்து ஆயுளுக்கும் எதிர்ப்பு பெற்றுவிடும். கொசுவோ ஒருமுறை தொற்றினால் சாகும்வரை வைத்திருக்கும். முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் கொடுக்கும். கோடையில் பொந்து காய்ந்தாலும் முட்டை காத்திருக்கும், மழை வந்ததும் பொரிக்கும். ஆக, இருப்பு கொசுவிடம் இருக்கிறது.

> அப்படியானால் நேரடியாக "வழிதல்" என்றே சொல்லலாமே. ஸ்பில் என்றால் வழிவதுதானே.

சொல்லலாம். ஆனால் பால் பொங்கி வழிவதும், கண்ணீர் வழிவதும், ஜொள்ளு வழிவதும் எல்லாம் வழிதல்தான். வழிந்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்பது அந்தச் சொல்லில் இல்லை. நமக்கு வேண்டியது ஓரிடத்தில் நிறைந்தது இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேர்வது.

அதற்கு எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சொல் இருக்கிறது: மறுகால். குளம் நிறைந்து, உபரித் தண்ணீர் கலிங்கு (குளத்தின் உபரி நீர் வெளியேறும் கட்டுமானம்) தாண்டி அடுத்த குளத்துக்கு ஓடுவதை "மறுகால் பாயுது" என்போம். ஒரு குளத்து மறுகால்தான் அடுத்த குளத்துக்கு வரத்து. இங்கே கால் என்பது வாய்க்காலில் வரும் கால். என் பரிந்துரை: ஸ்பில்லோவர் = மறுகால் பாய்தல்; அப்படி வரும் தொற்று = மறுகால் தொற்று.

இது நோயின் போக்கோடு எப்படிப் பொருந்துகிறது என்று யோசித்துப் பார்த்தேன். மறுகால் எல்லா வருடமும் பாயாது. தென்கிழக்கு பிரேசிலிலும் கானக மஞ்சள் காய்ச்சல் ஆண்டுதோறும் இதே அளவில் வருவதில்லை. குரங்குகள் சாவதும் எதிர்ப்பு பெறுவதுமாக ஓர் அலை ஓய்ந்தபின், எதிர்ப்பு இல்லாத குட்டிகள் பிறந்து பெருகப் பல வருடம் ஆகும். அதோடு மழை பெய்து கொசு பெருக வேண்டும். குளம் நிறையும் கணக்கு இது. பாய்ந்த தண்ணீர் அடுத்த குளத்தை நிறைக்கலாம், மணலில் சுவறியும் போகலாம். 2016–18-இல் நடந்தது இரண்டாவது. அத்தனை பேருக்கு நோய் வந்தும், நகரங்களில் ஏடிஸ் எஜிப்டி நிறைய இருந்தும், அந்தக் கொசு வழியாக மனிதருக்கு மனிதர் பரவும் நகரச் சுழற்சி தொடங்கவில்லை. பிரேசிலில் அப்படிக் கடைசியாக நடந்தது 1942-இல். "மறுகால் பாய்ந்தது, அடுத்த குளம் பெருகவில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

உகாண்டாவின் புவாம்பாவுக்கும் பொருந்துகிறது. அங்கே உச்சிமரத்தில் ஏடிஸ் ஆப்பிரிக்கானஸ் குரங்குகளுக்குள் வைரஸைப் பரப்புகிறது. குரங்கு பழம் தின்ன வாழைத்தோட்டத்துக்கு வருகிறது. வாழை மட்டை இடுக்கில் தேங்கும் தண்ணீரில் வளரும் வேறொரு கொசு அதைக் கடித்துவிட்டு, தோட்டக்காரரையும் கடிக்கிறது. இங்கே குரங்குதான் நடந்து வருகிறது, உண்மை. ஆனால் காட்டை ஒட்டி வாழை வைத்தது மனிதர். மறுகால் ஓடும் தடம் அந்தத் தோட்டம்.

குறைகளையும் நானே சொல்லிவிடுகிறேன். "மறுதொற்று" என்பதை ஒருமுறை வந்த நோய் திரும்ப வருவதற்குப் பயன்படுத்துகிறோம். யாராவது மறுகால் தொற்றைச் சுருக்கி எழுதினால் குழப்பம்தான். சுருக்கக் கூடாது என்று சொற்பட்டியலிலேயே குறிப்பு போட வேண்டும். இன்னொன்று, மறுகால் பாய்வது ஊருக்குச் சந்தோஷச் செய்தி. என் தாத்தா அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதை நோய்க்கு வைப்பதா என்று எனக்கே இரண்டு நாள் உறுத்தியது. ஆனால் மறுகால் அளவு மீறினால் கீழ்வயல் மூழ்கும் என்பதும் அதே ஊருக்குத் தெரியும். கலிங்கை ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டதும் அதனால்தான்.

ஸ்பில்பேக், அதாவது மனிதரிடமிருந்து விலங்குக்குப் போவது, இந்த உவமைக்குள் அடங்கவில்லை. மஞ்சள் காய்ச்சல் அமெரிக்கக் கண்டத்துக்குப் போனதே அப்படித்தான்: 17-ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களோடு துறைமுகங்களுக்குப் போய், அங்கிருந்து காட்டுக்குள் புகுந்தது. ஆப்பிரிக்கக் குரங்குகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ள, ஊளைக் குரங்குகள் சாவதன் காரணமும் இந்த வைரஸோடு அவற்றுக்கு நெடுநாள் பழக்கம் இல்லாததுதான். மறுகால் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. இதற்கு "எதிரேற்றம்" என்று எழுதி வைத்திருக்கிறேன், முழுத் திருப்தி இல்லை.

> மறுகால் தென்மாவட்டச் சொல். மற்றவர்களுக்குப் புரியுமா?

நியாயமான கேள்வி அம்மா. வடமாவட்டங்களில் "ஏரி கோடி போகுது" என்பார்கள். ஆனால் கோடி என்று எழுதினால் நூறு லட்சம்தான் முதலில் தோன்றும். அதனால்தான் மறுகாலிலேயே நிற்கிறேன். செங்கல்பட்டு, வேலூர்ப் பக்கத்து நண்பர்கள் வீட்டில் பெரியவர்களிடம் மறுகால் என்றால் தெரிகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். தஞ்சை, மட்டக்களப்பு நண்பர்கள் உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல் என்றும் எழுதுங்கள். கட்டுரையை வரும் ஞாயிறு அனுப்ப வேண்டும். அதுவரை "மறுகால் பாய்தல்" என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்.