ரோட்டில் ஓடும் எவோ 3 அசலா, வீராவா? எதை வைத்துச் சொல்வது?

கிள்ளான்_ரசிகன்:
அண்ணன்மாரே, நம்ம மலேசியாவில் ஃபெடரல் ஹைவேயில் கண்ணில் படும் எவோ 3 (மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 3) பலதும் உள்ளூர்க் காரான புரோட்டோன் வீராவை மாற்றிச் செய்தவை. பம்பர், பானட், பெரிய ஸ்பாய்லர், சிவப்பு பேட்ஜ் எல்லாமே ஒன்றுபோல இருக்கின்றன. பக்கத்து லேனில் பத்து வினாடி கிடைத்தால் எதைப் பார்க்க வேண்டும்? நிறுத்தி வைத்த காராக இருந்தால்? நிசான் ஸ்கைலைன் ஆர்34 ஜிடிஆர், ஈகே9 (ஹோண்டா சிவிக் டைப் ஆர்) இரண்டையும் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4ஜி63_செல்வம்:
தம்பி, முகத்தைப் பார்க்காதீர்கள். 1993-இல் வந்த வீரா அப்போதைய லான்சரின் உடம்புதான். எவோ 1 முதல் 3 வரையும் அதே உடம்பு. அதனால் முன்பக்கத்தை எவோ ஆக்குவது பெரிய வேலையே இல்லை. மாற்றுவதற்குக் காசும் உழைப்பும் அதிகம் கேட்கும் இடத்தைப் பாருங்கள்.

ஓடும்போது முதலில் வீல் நட்டை எண்ணுங்கள். எவோ 2, 3 இரண்டுக்கும் ஐந்து நட்டு, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மிமீ. வீராவுக்கு நான்கு. நான்கு என்றால் அது எவோ 3 இல்லை, அங்கேயே முடிந்தது. ஐந்து இருந்தால் மட்டும் அசல் ஆகிவிடாது. ஹாஃப் கட்டிலிருந்து (வெட்டி விற்கும் பழைய காரின் பாதி) ஹப்பும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பிரேக்கும் சேர்த்தே எடுத்துப் போடுகிறார்கள்.

அடுத்து, சற்று இடைவெளி விட்டுப் பின்னால் போய்ப் பின் பம்பருக்கு அடியில் பாருங்கள். எவோ நான்கு சக்கர இழுவை; இரண்டு பின்சக்கரங்களுக்கு நடுவில் டிஃபரென்ஷியல் (சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர்ப் பெட்டி) உருண்டையாகத் தொங்கும். வீரா முன்சக்கர இழுவை, அந்த இடம் காலி. எவோவின் 4ஜி63டி டர்போ எஞ்சினை மட்டும் இறக்கிய வீராக்கள் இங்கேதான் மாட்டும்.

பின் டிஃபரென்ஷியலையும் ஏற்றிய வீராக்களும் ஓடுகின்றன. அதற்குத் தரையை வெட்டி ஒட்ட வேண்டும், பெட்ரோல் டாங்கியையும் மாற்ற வேண்டும். கார் லிஃப்டில் ஏறினால், பின் சீட்டுக்குக் கீழே தரையில் வெல்டிங் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கம்பெனி வெல்டிங் சம இடைவெளியில் புள்ளி புள்ளியாக இருக்கும். கையால் செய்தது மேடும் பள்ளமுமாக இருக்கும், மேலே கறுப்பு அண்டர்கோட் (அடிப்பாகப் பூச்சு) தடிமனாக அப்பியிருக்கும்.

கடைசிச் சாட்சி சேசிஸ் எண். ஜப்பானில் விற்ற எவோ 2, 3-க்கு அது "சிஇ9ஏ" என்று தொடங்கும், ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகடு) அச்சடித்திருக்கும். புரோட்டோனுக்குப் "பிஎல்1" என்று தொடங்கும் 17 இலக்க எண். எண்ணைச் சுற்றித் தேய்த்த தடமோ புதுப் பெயிண்டோ இருந்தால், வாங்க நினைப்பவர் அங்கேயே திரும்பிவிட வேண்டும். கிராண்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) உள்ள சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டும் காரோடு பொருந்தாவிட்டால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) சிக்கல் வாங்குபவருக்குத்தான்.

டர்போ_மணி:
செல்வம் அண்ணன் சொன்னதில் ஒரு சேர்க்கை. எவோ 1-க்கு நான்கு நட்டுதான். அதன் சேசிஸ் "சிடி9ஏ". நட்டு கணக்கை வைத்து அசல் எவோ 1-ஐப் போலி என்று தள்ளிவிடாதீர்கள்.

பானட்டும் உதவும். எவோவுக்கு அலுமினியம், காந்தம் ஒட்டாது. ஃபைபரிலும் ஒட்டாது என்பதால் காந்தம் மட்டும் போதாது. உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் பானட்டைத் திறந்து உள்பக்கம் பாருங்கள்: அலுமினியத்தில் அழுத்தி எடுத்த விலாச்சட்டம் சீராக இருக்கும், ஃபைபரில் நார் பின்னலும் காய்ந்த ரெசினும் தெரியும்.

சத்தத்தை நம்பாதீர்கள். கியர் மாற்றும்போது வரும் "ப்ஸ்ஸ்" பிறகு மாட்டிய வால்வின் சத்தம். கம்பெனி வால்வு காற்றை மறுபடி இன்டேக்குக்கே அனுப்புவதால் வெளியே பெரிதாகக் கேட்காது.

ஸ்கைலைன்_கண்ணன்:
ஆர்34-க்கு வருகிறேன். அசல் ஜிடிஆரின் சேசிஸ் "பிஎன்ஆர்34". அதைப்போல மாற்றப்படும் ஆர்34 ஜிடிடி "இஆர்34", அது பின்சக்கர இழுவை, 2.5 லிட்டர், ஒற்றை டர்போ. ஜிடிஆரில் 2,568 சிசி ஆர்பி26 எஞ்சின், இரட்டை டர்போ, ஆறு த்ராட்டில்.

ரோட்டில் பின் ஃபெண்டரைப் பாருங்கள். ஜிடிஆரில் அகலம் தகட்டிலேயே அழுத்தி எடுத்தது. ஒட்டுப்போட்ட இடமே தெரியாது. ஜிடிடியில் அகலம் கூட்டியிருந்தால் கதவின் விளிம்புக்குப் பக்கத்தில் வளைவு சரியாகச் சேராது. நான்கு கதவு ஆர்34 ஜிடிஆர் கம்பெனியிலிருந்து வரவே இல்லை. (நான்கு கதவு ஜிடிஆர் முந்தைய ஆர்33-இல் இருந்தது, அது நிசானின் துணை நிறுவனம் ஓட்டெக் செய்தது.) ஆட்டோ கியரா? அதுவும் இல்லை; எல்லாமே ஆறு கியர் மேனுவல்.

ஈகே9-க்கு மறுபடி நட்டுதான்: ஐந்து, 114.3. மற்ற ஈகே சிவிக்குகளுக்குப் பெரும்பாலும் நான்கு, 100. எஞ்சின் பிளாக்கில் "பி16பி" இருக்க வேண்டும், 1,595 சிசி, 185 பிஎஸ். சிவப்பு "எச்" ஹோண்டா பேட்ஜ் கடையில் கிடைக்கும், அதை வைத்து எதுவும் சொல்லாதீர்கள்.

கிள்ளான்_ரசிகன்:
நன்றி அண்ணன்மாரே. ஓடும் காரைப் படம் எடுக்க ஷட்டர் எவ்வளவு வைப்பது?

டர்போ_மணி:
நடைபாதையிலோ மேம்பால நடைவழியிலோ நின்று எடுங்கள், வண்டி ஓட்டிக்கொண்டே வேண்டாம். காரோடு சேர்ந்து கேமராவைத் திருப்பி 1/80-இல் தொடங்குங்கள். வீல் சுழல்வது தெரியும், உடம்பு தெளிவாக நிற்கும். கை பழகிய பிறகு 1/60. ஏற்றும் முன் பிளேட் எண்ணை மறைத்துவிடுங்கள். இந்தக் கார்களைத் திருடத் தேடுபவர்களும் படம் பார்க்கிறார்கள்.