கீமோவுக்கு ஒரு மணி நேரம் போதுமாம்!

தாமரைக்குளம்:
நேத்து இங்கே ஒருத்தர் எழுதிட்டுப் போயிருக்கார்: "கீமோன்னா ஒரு மணி நேர வேலைதான், சிலர்தான் ஊதிப் பெருசாக்குறாங்க." படிச்சதிலிருந்து வயிறு எரியுது. மார்பகப் புற்றுக்கு 6 மாசமா மருந்து ஏத்திக்கிட்டிருக்கறவ நான். போன செவ்வாய்க்கிழமைக் கணக்கைக் கேளுங்க. காலை 6.30க்கு டோக்கன். 7.30க்கு ரத்தம் எடுத்தாங்க, ரிப்போர்ட் வந்தது 10.15. டாக்டர் கையெழுத்து 11.30. மருந்து கலந்து வர மணி 1.30. அப்புறம் நரம்பு கிடைக்கல. வெந்நீர்ப் பையை வச்சு, கையைத் தட்டித் தட்டி, மூணாவது குத்துலதான் சிஸ்டருக்கு மாட்டுச்சு. வீடு வந்து சேர ராத்திரி 8. ஒரு மணி நேரமாம்!

மேட்டுத்தெரு மாணிக்கம்:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், சகோதரி. என் வீட்டுக்காரிக்கு வாராவாரம் பேக்ளிடாக்சல்ங்கிற கீமோ மருந்து. ஏறுறது சரியா ஒரு மணி நேரம். கடிகாரம் பார்த்துத்தான் சொல்றேன்.

தாமரைக்குளம்:
கடிகாரத்தை எப்போ பார்த்தீங்க, கேன்டீன்ல காபி குடிச்சு முடிச்ச பிறகா?

கொல்லிமலைத்தேன்:
அதே பேக்ளிடாக்சல் எங்கப்பாவுக்கு 3 மணி நேரம் ஏறுச்சு. மாணிக்கம் சார் ஏதோ குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்திருப்பார்.

பழைய மருந்தாளுநர்:
சண்டை வேண்டாம். வாராவாரம் கொடுத்தா டோஸ் கம்மி, 1 மணி நேரம். 3 வாரத்துக்கு ஒரு முறைன்னா டோஸ் அதிகம், 3 மணி நேரம். முதல்ல நீங்க பேசுறது மருந்து ஏறும் நேரமா, ஆஸ்பத்திரியில இருக்குற நேரமா?

தாமரைக்குளம்:
நீங்க அவருக்கு வக்கீலா ஐயா? மருந்து ஒத்துக்காம போயிடக் கூடாதுன்னு டெக்ஸா, ஏவில் ஊசியெல்லாம் முன்னாடியே போடுறாங்களே, அது எந்தக் கணக்கு? ஏவில் போட்டதும் கண்ணைச் சுத்திக்கிட்டு வருது, அதுக்குள்ள நாற்காலியைக் காலி பண்ணச் சொல்றாங்க. இதுக்கு முன்னாடி 4 தடவை சிவப்பு நிறக் கீமோ மருந்து. வெளியே கசிஞ்சா தோலே வெந்துடும்னு சிஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊசியால மெதுவாத் தள்ளுவாங்க. அன்னிக்கு மூத்திரம் ரோஸ்மில்க் மாதிரி போச்சு. பயந்து கத்தினேன். ஒருத்தராவது முன்கூட்டிச் சொன்னாங்களா?

வேப்பிலைக்காரி:
பப்பாளி இலைச் சாறு குடிச்சா ரத்த அணு கவுண்ட் தானா ஏறும் அக்கா. இந்த அலைச்சலே இல்ல.

தாமரைக்குளம்:
தங்கச்சி, சாறைப் பத்திப் பேசுறவங்க எல்லாரும் பிளேட்லெட்டைத்தான் சொல்லுவாங்க. எனக்கு விழுந்தது வெள்ளணு. அதை ஏத்த ஃபில்கிராஸ்டிம் ஊசி போட்டு எலும்பெல்லாம் நொறுங்குற மாதிரி வலிச்சுது. காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டா நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும், உரலைத் தேடிக்கிட்டு இருக்க முடியாது.

ஆலமரத்தடி:
எதுக்கெடுத்தாலும் குறை. 1954ல முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அடையாறுல 12 படுக்கையோட ஆரம்பிச்ச புற்றுநோய் ஆஸ்பத்திரி இன்னைக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியுமா? நன்றி வேணும்.

தாமரைக்குளம்:
நான் போறது அங்கே இல்ல. அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடுறேன். அவங்க 1954ல ஆரம்பிச்சதுக்கும் என் 6.30 டோக்கனுக்கும் என்ன சம்பந்தம்? போன வருஷம் முடி உதிர்றதுக்கு முன்னாடியே மொட்டையடிச்சுக்கோன்னு எனக்குப் புத்தி சொன்னதும் நீங்கதானே? மறக்கல.

ஆலமரத்தடி:
நல்லது சொன்னா பொல்லாப்பு.

கொல்லிமலைத்தேன்:
முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில பார்க்கிறீங்களா அக்கா, கைக்காசா?

தாமரைக்குளம்:
அட்டைதான். அதுக்கு ஒரு கவுன்டர், ஒரு வரிசை, ஆதாருக்கு ஒரு ஜெராக்ஸ். போன தடவை கொடுத்த ஜெராக்ஸ் எங்கேன்னு கேட்டா, "அது போன தடவைம்மா"ங்கிறாங்க. மாணிக்கம் சார், இதையும் உங்க ஒரு மணி நேரத்துல சேர்த்துக்குங்க.

மேட்டுத்தெரு மாணிக்கம்:
நான் ஏறுற நேரத்தைச் சொன்னேன். ஒரு மணி நேரம். மாத்திச் சொல்ல மாட்டேன்.

தாமரைக்குளம்:
உங்க வீட்டுக்காரம்மாகிட்ட போனைக் கொடுங்க, அவங்க சொல்லட்டும்.

மேட்டுத்தெரு மாணிக்கம்:
அவ தூங்குறா. இன்னைக்குத்தான் ஏத்திட்டு வந்தோம்.

தாமரைக்குளம்:
எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு வந்தீங்க?

கொல்லிமலைத்தேன்:
சார் ஆன்லைன்லதான் இருக்கார், பதிலைக் காணோம்.

வேப்பிலைக்காரி:
சாறுல மிளகு சேர்த்தீங்களா அக்கா?